பக்கத்து பெஞ்சின் சாட்சி

"ஏட்டி இசக்கி, நீயே சொல்லு. எங்க மெல்பா என்னவா வருவா?"

மெல்பாவின் அம்மா ஜெனோவா தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். மெல்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஒரு பிள்ளையிடமே போய் நீ என்னவாகப் போகிறாய் என்று கேட்பது மணல்மேட்டுப்பட்டினத்தில் மரியாதைக் குறைவு. பக்கத்தில் யார் உட்கார்ந்து படிக்கிறார்களோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"மத்தியானம் வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது அத்த. சட்டம்லா," என்றாள் இசக்கி. சட்டம் தோசை தின்பதைத் தடுக்கவில்லை. இன்னொன்று வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் காதுல சொல்லேன்."

"யம்மா, சும்மா இரு," என்று மெல்பா எழுந்துவிட்டாள். அவளுக்கு இட்ட தோசை அப்படியே இருந்தது. இன்று சாட்சி நாள். பள்ளிப் படிப்பின் கடைசி நாளும் அதுதான்.

இருவரும் கடல்சுவரின் மேல் நடந்தார்கள். கடல் உயர்ந்து ஊருக்குள் வந்த காலத்தில் கட்டிய சுவர். இப்போது அதன் மேல் சைக்கிள்களும் ஆடுகளும் போகின்றன. இடப்பக்கம் தண்ணீருக்கடியில் கடல்தோட்டம். பவளத்தையும் பாசியையும் அங்கே நட்டு வளர்க்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. வலப்பக்கம் தூரத்தில் ஏவுதளத்தின் வெள்ளைக் கோபுரங்கள். நிலாக் கப்பல்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

போன மாதம் அங்கே ஒரு கூத்து நடந்தது. கப்பல் கிளம்ப எல்லாம் தயார். கட்டுப்பாட்டறையில் அத்தனை பேரும் சரி என்று சொல்லியாயிற்று. ஆனால் அந்த அறையின் கோடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், 'கடைசிக் கை' என்று பெயர். எல்லாரும் சரி என்ற பிறகும் நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு. அவர் நிறுத்திவிட்டார். வழியனுப்ப மாலையோடு வந்த ஊர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியது. மறுநாள் எரிபொருள் குழாயில் விரிசல் கண்டுபிடித்தார்கள். ஏசிய வாய்கள் அதே மாலையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடின.

"ஞாபகம் இருக்குல்லா?" என்றாள் மெல்பா.

"எது?"

"நாம பேசி வச்சது. நீ எனக்குக் கடல்தோட்டம் சொல்லுத. நான் உனக்குக் கடல்தோட்டம் சொல்லுதேன். ரெண்டு பேரும் இங்ஙனயே இருக்கோம்."

இசக்கி வெள்ளைக் கோபுரங்களைப் பார்த்தபடி நடந்தாள். பிறகு, "உனக்கு அது பொருத்தம்தான்," என்றாள். தனக்கு என்ன என்று அவள் சொல்லவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லி வளர்ந்தவளில்லையே!

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் மதிப்பெண்ணைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து செத்தார்கள். பிறகு 'பகுப்பான்' என்ற கணிப்பு இயந்திரம் வந்தது. பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் பார்த்து எதிர்காலம் சொல்லும் என்றார்கள். பிள்ளைகளா ஏமாறுவார்கள்? இயந்திரத்துக்கு முன்னால் நடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஊரெல்லாம் டாக்டர் மாதிரியே நாடி பிடித்தது. கடைசியில் பகுப்பானே ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது: எல்லாத் தகவலையும் விட ஒரு பிள்ளையைப் பற்றிச் சரியாகச் சொல்வது அதன் பக்கத்து பெஞ்சுதான். அங்கே யாரும் பன்னிரண்டு வருஷம் நடிக்க முடியாது. பக்கத்து இருக்கைச் சட்டம் இப்படித்தான் பிறந்தது.

சாட்சி சொன்ன வழியில் போயே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, மறுக்கலாம். ஆனால் சாட்சியில் வராத கதவு திறக்காது. பொய்ச்சாட்சி சொன்னால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வகுப்பில் யாருக்காவது அது பொய் என்று பட்டால் பெஞ்சைத் தட்டலாம். தட்டுச் சத்தம் கேட்டால் பகுப்பானின் விளக்கு மஞ்சளாகும். சாட்சி சொன்னவர் திருத்திச் சொல்ல வேண்டும். யாரும் தட்டாவிட்டால் விளக்கு பச்சையாகும், சாட்சி நிலைக்கும்.

"தட்டிட்டானுவன்னா?" என்றாள் இசக்கி.

"யாரு தட்டுவா? எல்லாம் நம்ம பயலுவதான."

மெல்பா தைரியமாகத்தான் சொன்னாள். உள்ளே அவளுக்குத் தெரியும். இசக்கியின் இடம் நிலாக்குடி, நிலவில் மனிதர்கள் குடியிருக்கும் ஊர். மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவள் அவள். நிலவில் மூச்சுக்காற்றை உண்டாக்கும் காற்றுக்கூடத்துக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். ஆனால் இந்த வயதில் அங்கே போனவர்களின் எலும்பு அந்த மண்ணுக்குப் பழகிவிடும். திரும்பி வந்து இங்கே நிற்க முடியாது. பேசலாம், திரையில் பார்க்கலாம். போனால் போனதுதான். இசக்கி இல்லாத கடல்சுவரில் தனியாக நடப்பதை மெல்பாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மண்டபத்தில் பெற்றோர் பின்னால், மாணவர்கள் முன்னால். மேடையில் பகுப்பானின் பெட்டியும் அதன் மேல் ஒரு சின்ன விளக்கும். வகுப்பாசிரியை தனபாக்கியம் டீச்சர் பெயர்களைப் படித்தார்.

முதலில் சுயம்புவின் முறை. அவன் பக்கத்து பெஞ்சு ஜெரோம் மைக்கைப் பிடித்து, எல்லாரும் சொல்லும் வாசகத்தைச் சொன்னான்: "பக்கத்தில் இருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன். சுயம்பு நீதிபதி ஆவான்."

பெஞ்சுகள் அதிர்ந்தன. தட்டாத கையில்லை. பின்னாலிருந்த சுயம்புவின் அப்பாவே நாற்காலியைத் தட்டினார். விளக்கு மஞ்சள்.

"சரி, சரி! அவங்கப்பாவுக்கு ஆசைன்னு சொன்னேன்," என்றான் ஜெரோம். "உண்மையச் சொல்லுதேன். இவன் டிபன் பாக்ஸத் தொறந்தா மொத்த வகுப்பும் திரும்பும். அம்மா சமைச்சதுன்னு சொல்லுவான். அதெல்லாம் இவன் சமைச்சது. இவன் சமையல்காரன். பெரிய சமையல்காரன்."

ஒரு தட்டும் இல்லை. விளக்கு பச்சையானது. சுயம்பு வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அவனுக்கும் இப்போதுதான் மூச்சு வந்தது போலிருந்தது.

"இசக்கியம்மாள். சாட்சி மெல்பா."

மெல்பா மேடையேறினாள். கீழே இசக்கி கைகளை மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்தில் இருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்." குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியம். "இசக்கிக்குக் கடல்னா உசிரு. அவ கடல்தோட்டத்துலதான் வேலை பார்ப்பா. என்கூடயே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இசக்கிக்குக் கடல் என்றால் வாந்தி என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். படகுப் பயணத்தில் சுயம்புவின் சட்டையையே நாசம் பண்ணியவள்!

யாரும் தட்டவில்லை.

மெல்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சுயம்பு கையை அக்குளில் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஜெரோம் செருப்பைப் பார்த்தான். தனபாக்கியம் டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் பிரியக் கூடாது என்று அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பகுப்பான் மட்டும் ஒன்றும் அறியாமல் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

அடப்பாவிகளா, ஒருத்தராவது தட்டுங்களேன் என்று மெல்பாவின் மனசு கத்தியது. யாராவது தட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். வாதாடியிருப்பாள். இந்த அன்பை என்ன செய்வது? இசக்கியைப் பார்த்தாள். இசக்கி சிரிக்க முயன்றாள். வாய் சிரித்தது, கண் ஏவுதளப் பக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பியது. அவ்வளவுதான். அதைப் பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் இருந்தவள் பார்க்காமல் இருப்பாளா?

விளக்கு பச்சைக்கு மாறப்போகும் நேரத்தில் மெல்பா கையை ஓங்கி மேடை மேஜையைத் தட்டினாள்.

மண்டபத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. விளக்கு மஞ்சள். தன் சாட்சிக்குத் தானே தட்டிய ஆளை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

"மெல்பா, என்னம்மா இது?" என்றார் டீச்சர்.

"பொய் டீச்சர். நான் சொன்னது பொய்." இப்போதுதான் குரல் உடைந்தது. "ஒன்பதாவது படிக்கும்போது காத்துப் புகாத நிலாப் பயிற்சிக் கூடாரத்துல கதவு மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் கத்துனோம். இவ மட்டும் சுவத்துல காத வச்சு நின்னா. 'கத்தாதிய, காத்த மிச்சம் பிடிங்க'ன்னு ஒரு அதட்டல் போட்டா. எந்த விசிறி நின்னுருக்குன்னு கேட்டே கண்டுபிடிச்சு, என் கொண்டை ஊசிய வச்சு ஓட விட்டா. நாம மூச்சு விட்டது இவளாலதான். இவ போக வேண்டியது நிலாக்குடி. காத்துக்கூடம். இவ இல்லாம நான் என்ன செய்யப்போறேன்னு எனக்குத் தெரியல. ஆனா அது என் பிரச்சினை. இவ சாட்சியில அது வரக்கூடாது."

யாரும் தட்டவில்லை. விளக்கு பச்சை. பின்வரிசையில் இசக்கியின் அம்மா வாய்விட்டு அழுதாள். இசக்கி அழவில்லை. கடகடவென்று மேடையேறி வந்து மெல்பாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"பாவி! பேச்ச மாத்திட்டியேட்டி!"

"போவ மாட்டேன்னு சொல்லேன். மறுக்கலாம்லா."

"எதுக்கு மறுக்க? போவத்தான் செய்வேன்." சொன்ன பிறகுதான், தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டோம் என்பது இசக்கிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். மண்டபம் சிரித்தது.

டீச்சர் அடுத்த பெயரைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை. இசக்கி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பக்கத்தில் இருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "காலையில வரைக்கும் மெல்பாவுக்குக் கடல்தோட்டம்னுதான் நினைச்சேன். பேசி வச்சதுக்காக இல்ல, நெசமாவே நினைச்சேன். ஆனா இப்பப் பார்த்தீங்கல்லா. இத்தனை பேரும் சும்மா இருக்கும்போது ஒரு கை தட்டுச்சு. தனக்கு வேண்டியதத் தானே வேண்டாம்னு தட்டுச்சு. இந்தக் கைய பவளம் நட அனுப்பினா அநியாயம். இவ ஏவுதளத்துல கடைசிக் கையா உட்காரணும்."

மெல்பா திரும்பி இசக்கியைப் பார்த்தாள். கடைசிக் கையா? நானா? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தன்னை அந்தக் கோடி நாற்காலியில் வைத்துப் பார்த்ததில்லை. பார்த்ததும், அது தன் நாற்காலிதான் என்று தெரிந்தது.

"ஏறும்போது எனக்கும் பயம் இருக்கும்," என்று இசக்கி முடித்தாள். "என்கூடக் கப்பல்ல வாரவங்களுக்கும் இருக்கும். இவ ஏவுதளத்துல பயிற்சிக்குச் சேர்ந்தா, நான் கிளம்பும்போது அந்த அறையிலதான் நிப்பா. மெல்பா அங்க இருந்து, அவளும் தட்டலைன்னா, நான் கண்ண மூடிட்டு ஏறுவேன்."

மண்டபத்தில் சத்தமில்லை. சற்று முன் பார்த்த மௌனமில்லை இது. எல்லாரும் நிமிர்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைகள் எல்லாம் பெஞ்சின் மேல் திறந்தபடி இருந்தன. சுயம்பு ஒருவன் மட்டும் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தான். தட்டப்போகிறான் என்று பயந்து ஜெரோம் அதை எட்டிப் பிடித்தான்.

மெல்பா தன் கையைப் பார்த்தாள். மேஜையில் தட்டியதில் உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. அவள் நினைத்தால் இப்போதும் தட்டலாம். தட்டினால் கடல்தோட்டம், இசக்கி கிளம்பும் நாளில் ஊரோடு ஊராகக் கடல்சுவரில் நின்று பார்க்கலாம். தட்டாவிட்டால் அவளை அனுப்புகிற அறையில் தானே இருக்க வேண்டும்.

கையை விரித்து மேஜையின் மேல் அசையாமல் வைத்தாள். இசக்கி தன் கையை அதன் மேல் வைத்தாள்.

விளக்கு பச்சையானது.