படுக்கைக்கு அடியில் டொக்!

சித்திக்கு ஊசி என்றால் பயமில்லை. ரத்தம் என்றாலும் பயமில்லை. மருத்துவமனையில் நர்ஸ் அல்லவா? ஆனால் பேய் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், கை கால் உதறும்!

அந்தச் சித்திதான் ஒரு குட்டிப் பாய்மரப் படகை வாங்கி, அக்கா மகள் சுண்டுவை இரண்டு நாள் பயணத்துக்குக் கூட்டி வந்திருந்தார். சுண்டுவுக்குப் பத்து வயது. கிளம்பும்போதே அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "பயந்துகிட்டுப் பாதியில திரும்பி வந்தீங்க, அதோட படகுக்கு ஒரு கும்பிடு!"

படகில் அறையும் கிடையாது, கூரையும் கிடையாது. கடலிலிருந்து வளைந்து உள்ளே வந்த ஓர் ஓடையில் நங்கூரம் போட்டதும் இருவரும் வீடு கட்ட ஆரம்பித்தார்கள்.

முதலில் காற்றுப் பிடிக்கும் பாயைச் சுருட்டினார்கள். பாயின் அடியில் படுக்கைவாட்டில் இருந்த கம்பை உயர்த்தி, இரண்டு துடுப்புகளைக் கத்தரிக்கோல் போலக் கட்டி முட்டுக் கொடுத்தார்கள். கம்பின் மேல் தார்ப்பாயைப் போட்டு, ஓரங்களைப் படகின் விளிம்போடு இழுத்துக் கட்டினார்கள். கயிறு தீர்ந்துபோன இடத்தில் சுண்டு துணிக் கிளிப்பை மாட்டினாள்.

"இருக்கை மேல பலகையைப் போட்டு மெத்தை விரிச்சிடலாம். ஆனா இது ஒண்ணு நடுவுல நந்தி மாதிரி நிக்குதே!" என்றார் சித்தி.

அது நடுப்பலகை. ஓடும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, அடியிலுள்ள பிளவு வழியாக அதைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். படகு நின்றதும் மேலே தூக்கிவிடுவார்கள். ஆனால் சித்தி, படுக்க இடம் வேண்டுமென்று அதை ஒரே அழுத்தாக முழுவதும் கீழே அழுத்தினார். அதன் மேலேயே மெத்தையை விரித்தாயிற்று.

"அரண்மனை தோத்துது போ!" என்று சித்தி காலை நீட்டினார்.

இருட்டியதும் பனிமூட்டம் இறங்கியது. கரை காணாமல் போனது. டார்ச்சை அணைத்தால் சொந்தக் கையே தெரியவில்லை.

விடிவதற்கு இன்னும் நேரமிருந்தபோது சுண்டு விழித்துக்கொண்டாள்.

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டொக்... டொக்.

சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. படுக்கைக்கு அடியிலிருந்து வந்தது.

"சித்தி..."

"முழிச்சுத்தான் இருக்கேன்," என்றது போர்வை. "யாரோ தட்டுறாங்கடி. தண்ணிக்குள்ள இருந்து."

சுண்டு எழுந்து உட்கார்ந்தாள். "யாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

டொக்.

"கேக்காதடி! பதில் சொல்லுது பாரு! நங்கூரத்தை எடு, போயிடலாம்."

"இந்தப் பனியிலயா? ஓடை வாசல்ல பாறை இருக்குன்னு நீங்கதான காமிச்சீங்க?"

"பாறையில மோதினா கட்டுப் போட்டுக்கலாம். இதுக்கு என்ன மருந்து இருக்கு?"

சுண்டுவுக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் சித்தி போர்வைக்குள் இன்னும் சுருண்டுகொண்டதும் பாவமாக இருந்தது. இருட்டில் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, ஊசி போடுறப்ப பத்து வரைக்கும் எண்ணச் சொல்வீங்கல்ல? இப்ப நீங்க எண்ணுங்க."

சித்தி எண்ணினார். சுண்டு மெத்தையை விலக்கிக் காதை வைத்துக் கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. படகு அலையில் தாழ்ந்தது. டொக். நான்கு, ஐந்து, ஆறு. படகு மறுபடி தாழ்ந்தது. டொக்.

நடுப்பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அடுத்த டொக்கில் அது அவள் கையை மேல்நோக்கி இடித்தது.

"சித்தி, கடல் உள்வாங்குது, ஓடையில தண்ணி வத்துது! நடுப்பலகை கீழ எதுலயோ இடிக்குது! இன்னும் வத்தினா படகு சாஞ்சிடும்!"

பேய் என்றதும் சுருண்ட சித்தி, வேலை என்றதும் துள்ளி எழுந்தார். போர்வை ஒரு பக்கம் பறந்தது, மெத்தை ஒரு பக்கம் பறந்தது. இருவரும் பலகையைப் பிடித்து இழுத்தார்கள். ஊஹூம், அசையவில்லை. படகு மெல்லச் சாய்ந்தது. தண்ணீர் கேன் உருண்டு ஓடியது.

"இப்ப வேணாம் சித்தி! அலை தூக்குறப்ப இழுக்கலாம்!"

காத்திருந்தார்கள். அலை வந்தது, படகு எழும்பியது. "இப்போ!" என்று சுண்டு கத்தினாள். பலகை சரேலென்று மேலே வந்தது.

டொக் நின்றுபோனது.

இப்போது மெத்தையின் நடுவே பலகை சுவராக நின்றது. "அது உங்க ரூம், இது என் ரூம்," என்றாள் சுண்டு. "அந்தப் பக்கம் இருக்கியாடி?" என்று விடிவதற்குள் சித்தி ஏழு தடவை கேட்டுவிட்டார்.

விடிந்ததும் பனி விலகியது. இருவரும் விளிம்பில் குனிந்து பார்த்தார்கள்.

தெளிந்த தண்ணீருக்குள், கை எட்டும் ஆழத்தில், ஒரு பழைய படகு மூழ்கிக் கிடந்தது. உடம்பெல்லாம் பச்சைப் பாசி. அதன் மேல்தளத்தில் மூடிய சின்னக் கதவு ஒன்று. அந்தக் கதவில் மட்டும் பாசி உரிந்து, புதிதாகக் கீறல்கள்.

"அப்போ ராத்திரி..." சித்தி விளிம்பிலிருந்து பின்வாங்கினார்.

"அவங்க நம்மளத் தட்டல சித்தி. நாமதான் அவங்க கதவைத் தட்டியிருக்கோம்."

 சுண்டு தண்ணீரருகே குனிந்து, "மன்னிச்சிடுங்க, தூக்கத்தைக் கெடுத்துட்டோம்," என்றாள்.

கதவின் இடுக்கிலிருந்து ஒரே ஒரு நீர்க்குமிழி மேலே வந்து உடைந்தது.

சித்தி நங்கூரத்தை இழுத்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே!

"வீட்டுக்கா சித்தி?"

"வீட்டுக்கா? இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்குடி! வேற ஓடையில கூடாரம் போடுறோம். இந்தத் தடவை சுவரோட!"