பச்சைப் பொட்டு

செவ்வாய்க் கோளில் அல்லிக்கூடம் என்ற குடியிருப்பில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுபவர்கள் குற்றவாளியாகப் பார்த்துத்தான் தேடினார்கள். எல்லாக் குற்றவாளிகளும் அதற்கு ஆகமாட்டார்கள். நெற்றியில் பச்சைப் பொட்டு ஒளிர வேண்டும். கைதிகளை அடைத்துவைத்துக் காற்றை வீணாக்க அங்கே வசதி இல்லை. அதனால் நீதிப்பொறி வழக்கைப் படித்து அவர்களை இரண்டாகப் பிரித்தது. வன்முறையாளர் என்றால் சுரங்கம். வன்முறையற்றவர் என்றால், நெற்றித்தோலுக்குள் பச்சை விளக்கைப் பதித்து வீட்டுவேலைக்கு அனுப்பியது.

குற்றமே செய்யாதவர்களை யாரும் சோதிப்பதில்லை. அவர்கள் நெற்றி வெறுமையாகக் கிடந்தது. பொறியாளன் இளவழுதியின் நெற்றியும் அப்படித்தான்.

பச்சைப் பொட்டோடு அவன் வீட்டுக்கு வந்த செல்லையா தோசை வார்த்தான், குழந்தையைத் தூங்கவைத்தான், இளவழுதியின் மனைவி கோமளா பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டான். இந்தக் கடைசி வேலையைத்தான் இளவழுதியால் பொறுக்க முடியவில்லை. தன்னிடம் அவள் ஒருநாளும் இப்படிச் சிரித்துப் பேசியதில்லையே என்று வயிறு எரிந்தது.

"அவன்கூட அப்படி என்ன சிரிப்பு?"

"நீங்க எதுக்கெடுத்தாலும் கத்துவீங்க. அவர் கத்தமாட்டார். அரசாங்கமே பொட்டு வச்சு அனுப்பியிருக்கு. உங்களுக்கு யார் உத்தரவாதம்?"

அன்று மாலை செல்லையா வார்த்த முதல் தோசை கோமளாவின் தட்டில் விழுந்தது. அவ்வளவுதான். தோசைக்கல்லைப் பிடியோடு தூக்கிச் செல்லையாவின் மண்டையில் ஒரு போடு போட்டான் இளவழுதி. ரத்தத்தைப் பார்த்துக் கோமளா அலறினாள். செல்லையா திருப்பி அடிக்கவில்லை. அந்த நல்ல பெயரும் அவனுக்கே போயிற்று.

இனி சுரங்கம்தான் என்று இளவழுதி நடுங்கினான். நீதிப்பொறியோ வேறுமாதிரி யோசித்தது. தண்டனைக் காலத்தில் கைதி அரசின் உடைமை. ஆகவே இது அரசு உடைமைக்குச் சேதம். சேதம் வன்முறை ஆகாது. பச்சைப் பொட்டும், சொந்த வீட்டிலேயே ஆறு மாத வீட்டுவேலையும் விதித்தது. அவன் அதுவரை செய்தறியாத வேலை என்பதால் அதுவே தண்டனை.

சேதமான பொருளாக நீதிமன்றத்துக்கு வந்திருந்த செல்லையா, தலைக்கட்டோடு அவன் கையைக் குலுக்கினான்.

"பயப்படாதீங்க சார். என் கேஸும் இப்படித்தான். வெளிக்கதவுப் பூட்டை உடைச்சேன்னு போட்டிருக்காங்க."

"பூட்டை எதுக்கு உடைச்சே?"

"மச்சானை வெளியே தள்ளத்தான். வெளியே காத்து இல்லையே! அவன் செத்து விழுந்த இடம் கோர்ட் எல்லையைத் தாண்டிப் போச்சு. பூட்டு மட்டும் எல்லைக்குள்ளே இருந்துச்சு."

இளவழுதி வீட்டுக்கு ஓடினான். கோமளாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்; அந்த ஆளை இன்றைக்கே விரட்ட வேண்டும்.

"கோமளா, அந்தச் செல்லையா..."

அவள் அவன் நெற்றியையே பார்த்தாள். கண் கலங்கிற்று.

"உங்களுக்கும் பொட்டு வந்துடுச்சா! உங்களைப் போய் முரடர்னு நினைச்சேனே. நான்தான் சரியாப் பார்க்கலை போல."

தோசைக்கல் இறங்கியதை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தவள் அவள். கண்ணைவிட முத்திரையை நம்பும் பழக்கத்தைப் பூமியிலிருந்து கிளம்பும்போது யாரும் விட்டுவரவில்லை. இளவழுதிக்கும் ஒன்று புரிந்தது: செல்லையாவின் பொட்டு பொய்யென்றால், இந்தப் பொட்டும் பொய். எத்தனையோ நாள் ஏங்கிய பார்வை இப்போதுதான் கிடைத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டான்.

பின்னாலேயே செல்லையா உள்ளே வந்தான். கோமளா சந்தோஷமாகச் சொன்னாள்:

"செல்லையா, நம்ம வெளிக்கதவுப் பூட்டு ரொம்ப இறுகிக் கிடக்கு. சாரையும் கூட்டிக்கிட்டுப் போய்க் கொஞ்சம் பாருங்களேன்."