மூன்றாம் மாடிக்கு ஏறிய கடல்

ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழை பெய்யாத அல்மெரியா நகரத்தில், மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு அறைச் சுவரில், கணுக்கால் உயரத்துக்கு ஈரக்கோடு ஒன்று ஓடியிருந்தது. ஃபெர்மின் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. கழிவுக்குழாய்க் கசிவு இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொண்டு, பயணத் திட்டத்தை மறுபடி எழுத உட்கார்ந்தார்.

காதிஸ் நகரத்தில் இரண்டு நாள். மனைவி நியேவெஸ் ஆசைப்பட்ட பயணம். முதல் நாள் பழைய மதில், பெரிய தேவாலயம், பொரித்த மீன். மறுநாள் காவல் கோபுரம், சந்தை.

நியேவெஸ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "கடற்கரையையே காணோம்?"

"கடல் இங்கயும்தான் இருக்கு."

"இது கடலா? குளிக்கிற தொட்டி. அங்க பாறை வரைக்கும் நடந்தே போலாமாம். எழுது."

"பாறை வேண்டாம்."

"அவ செத்த எடம்னு பயமா? சொல்லாமக் கொள்ளாம கிளம்பிப் போக நான் என்ன காசில்தா மாதிரி அசடா?"

காசில்தா அவருடைய முதல் மனைவி. ஏழு வருடத்துக்கு முன் அதே ஊரில், வயிறு நிறையச் சாப்பிட்டு மதில் நிழலில் சாய்ந்த ஃபெர்மினிடம், "தண்ணி ஏறுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் பாறைக்கு நடந்தாள். அல்மெரியாக் கடல் வைத்த இடத்தில் இருக்கும். அவருக்குத் தெரிந்த கடல் அது ஒன்றுதான். "கடல் எங்கயாவது ஏறுமா, போ," என்று தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். விழித்தபோது பாறையும் இல்லை, பாதையும் இல்லை. இங்கே தினம் இரண்டு தரம் ஏறும், குழந்தைக்கும் தெரியும் என்றார் காவலர். அவள் கேட்டாள் என்பதை ஃபெர்மின் யாரிடமும் சொல்லவில்லை. உடல் கிடைக்கவில்லை. அவருடைய தொப்பி நனையவில்லை.

இப்போதும் சொல்லவில்லை. நியேவெஸ் பென்சிலைப் பிடுங்கி, 'மறுநாள் மூன்று மணி, பாறை' என்று தானே எழுதிவிட்டு, மதியத் தூக்கத்துக்குப் படுக்கையறைக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சன்னல் பலகைகளை இறக்கிவிட்ட ஆகஸ்ட் வெயில் நேரத்து இருட்டில், தெருவில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லாத அமைதியில், மேசைக்கு அடியிலிருந்து அழுகின பாசியின் நாற்றமும், யாரோ சிப்பியை உறிஞ்சிச் சாப்பிடுவது போன்ற ஓசையும் மெல்ல எழுந்தன. சுவரில் கோடு முழங்காலுக்கு வந்திருந்தது. நியேவெஸ் எழுதியதை அவர் ரப்பரால் அழித்தார். கோடு இடுப்புக்கு வந்தது. தாளையே கிழித்தார். மார்புக்கு வந்தது.

படுக்கையறைக்குள் துணி மடிக்கும் சத்தம். சிரிப்பு. இரண்டு பெண்களின் சிரிப்பு.

"நீ முன்னாடியே போயிருக்கியா?" நியேவெஸின் குரல். "அப்ப நீயே வழி காட்டு."

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு கதவுக்கு நடந்தார். கைப்பிடி சில்லென்றது. திருகினார். திறக்கவில்லை. உள்ளிருந்து ஒரு பெரும் பாரம் கதவை அழுத்தியது.

கண்ணாடிக்கு அப்பால் பச்சை. கூரைவரை தண்ணீர். இவர் பக்கத் தரையில் ஒரு சொட்டு இல்லை.

நியேவெஸின் கூந்தல் மேலெழுந்து ஆடியது. அவள் உள்ளங்கை கண்ணாடியைத் தட்டியது, தட்டியது. பின்னாலிருந்து, சிப்பிகள் ஒட்டிய இரண்டு கைகள் அவளை அணைத்தபடி, பயணத்துக்கு எடுத்து வைத்த வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பொத்தானாகக் கழுத்துவரை போட்டுக்கொண்டிருந்தன.