எதன்மேல் முளைத்தது?

வழக்கம்போலக் காலையில் வந்து ஹெர்பேரியத்தின் கதவைத் திறந்தேன். வெர்மான்ட் காடுகளில் பொறுக்கிய காளான்கள் காய்ந்து, காகித உறைகளுக்குள் தூங்கும் இடம். உறைமேல் உள்ள குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அலுத்துப்போன வேலைதான். ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் ஆல்டன் நினைப்பு வந்துவிடும்.

ஆல்டன் என் கணவர். போன இலையுதிர் காலத்தில் காளான் சேகரிக்கக் காட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லாமல் காத்திருந்து காத்திருந்து எனக்குச் சலித்துவிட்டது.

உலர்த்தும் பெட்டிக்குள் ஓர் உறை இருந்தது.

ஈரமாக.

உள்ளே வார்னிஷ் பூசியதுபோல மின்னும் சிவப்புக் காளான், ஹெம்லாக் மரத்தில் முளைக்கும் ரகம். உறைமேல் ஆல்டனின் பென்சில் கையெழுத்து. சேகரிப்பவர்கள் ஆயுள் முழுக்க ஒரே வரிசையில் எண் போடுவார்கள். இது அவருடைய கடைசி எண்ணுக்கு அடுத்தது. இடம்: பழைய மர அறுவை ஆலைக்குப் பின்னால், ஓடைக்கரை. 'எதன்மேல் முளைத்தது' என்பதற்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"யாரோ விளையாடுறாங்க கொரீன்," என்றார் பக்கத்து மேசை ராஸ்கோ.

"அந்த இடத்த அவர் காலியா விடவே மாட்டார். மரத்தோட பேர் எழுதலன்னு உங்களயே எத்தன தடவ திட்டியிருக்கார்?"

"திட்டினாரா? மானத்தையே வாங்கினார்." கோட்டை எடுத்துக்கொண்டார். "வா, போய்ப் பாத்துரலாம்."

ஓடைக்கரையில், இலைக் குவியலுக்கு அடியில் ஆல்டன் கிடந்தார். எலும்பும் கோட்டும்தான். விலாவெங்கும் சிவப்புக் காளான்கள். ஒன்றை மட்டும் யாரோ கத்தியால் சுத்தமாக அறுத்தெடுத்திருந்தார்கள்.

மரம் இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

அடக்கம் முடிந்தது. அழுது தீர்த்தேன். பிறகு அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். அப்பாடா என்றிருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று ராஸ்கோ காபி கொண்டுவந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் வீட்டுல இருந்திருக்கலாம்ல? இருமல் வேற."

"நெஞ்சுல ஏதோ கரகரன்னு இருக்கு. சரியாயிடும்."

உலர்த்தும் பெட்டியைத் திறந்தேன்.

ஓர் உறை.

உள்ளே விரல்நுனி அளவே உள்ள இளங்காளான், இன்னும் மெத்தென்று. அதே பென்சில். அடுத்த எண். இடம்: எங்கள் வீடு, படுக்கையறை, ஜன்னலோரம்.

ஜன்னலோரம் நான் படுக்கும் பக்கம்.

பயப்படக்கூடத் தெம்பில்லாமல் கடைசி வரியைப் பார்த்தேன். எதன்மேல் முளைத்தது என்று அவர் எழுதவில்லை.