காலி வண்டியின் எடை

இரண்டு மாதமாக யாரும் தொடாத வண்டி என்றுதான் விற்பவர் சொன்னார். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் கண்ணாடிக் கடைக்காரரின் தொடைக்கு அடியில் இளஞ்சூடு தட்டியது. வெயில் சூடு இல்லை. காலையிலிருந்து தூறல், கொட்டகையின் தகரம்கூட ஜில்லென்றிருந்தது. பேருந்தில் ஒருவர் எழுந்துபோன இடத்தில் சட்டென்று உட்கார்ந்தால் தெரியுமே, அடுத்தவன் உடம்பு விட்டுப்போன அந்த அருவருப்பான சூடு.

"யாரோ இப்பதான் ஓட்டிட்டு வந்து விட்டிருக்காங்க" என்றார்.

"இல்லைங்க. சாவி என் பீரோவுலதான் இருந்துச்சு."

பொய் சொல்வதற்கும் ஒரு முகவெட்டு வேண்டும், இந்த ஆளுக்கு அதுவும் இல்லை என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற எழுத்தராம். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையோடு, தன் வண்டியிலிருந்து தானே நாலடி தள்ளி நின்றுகொண்டு, கடன் கேட்க வந்தவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கடைக்காரர் மதித்த மனிதர்களை எண்ண ஒரு கையின் விரல்களே அதிகம். அதில் எழுத்தர்களுக்கு இடம் கிடையாது.

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தவன் கடைக்காரருடைய மனைவியின் தம்பி. வயது முப்பத்தைந்து. கடையில் பதினோரு வருடமாகக் கண்ணாடி விளிம்பு தேய்க்கிறான். பத்து விரலிலும் வெட்டுத் தழும்பு. கடைக்காரர் அவனுக்கு வைத்த பெயர் அரைவேக்காடு. வாடிக்கையாளர்களும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"சீட்டு உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு மாமா" என்றான்.

"உன்னைக் கேட்டேனா?"

ஆனால் அவன் சொன்னது சரிதான். எழுத்தர் குள்ளம், இவர் உயரம். இருந்தும் பெடல் கால் நீளத்துக்குச் சரியாக இருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபோது தேய்ந்த பள்ளங்களில் அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. கட்டைவிரல் முதற்கொண்டு.

கடையின் பழைய சரக்கு வண்டி போன வாரம் படுத்துவிட்டது. நாளை காலை ஒரு புதுக் கட்டடத்துக்கு நாற்பது கண்ணாடிகள் போய்ச் சேர வேண்டும். இதை வாங்குவதா வேண்டாமா என்று இருட்டுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். துருவை மறைக்க அடியில் தகடு வைத்துப் பற்றவைத்திருப்பான், எழுத்தன் புத்தி எங்கே போகும்? எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

"ஓட்டிப் பார்த்துட்டு வரேன். நீங்களும் ஏறுங்களேன், உங்க வண்டிதானே" என்றார், வேண்டுமென்றே.

"நான் வரலைங்க" என்றார் எழுத்தர்.

பெருஞ்சாலைக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. வைப்பர் கீச்சென்று இழுத்துத் தண்ணீரை வழிக்க, வழித்த இடத்தில் மறுபடி தூறல் பொட்டுப் பொட்டாக விழ, என்ஜின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். பஞ்சு அழுந்தி விடுபடுகிற சத்தம். இருக்கையின் முதுகு மெல்ல உப்பியது, மெல்ல அமுங்கியது. தன் மூச்சுத்தான் என்று நினைத்தார். சோதித்துப் பார்க்க மூச்சை அடக்கினார்.

முதுகுக்குப் பின்னால் அது நிற்கவில்லை.

வண்டிக்குள் ஒரு வாசனை. தலையணை உறையின் வாசனை, தூங்கி எழுந்த தலையின் எண்ணெய்ப்பிசுக்கு. வேறு யாருடையதாக இருந்தாலும் ஜன்னலை இறக்கியிருப்பார். இது அவருடைய தலையணை வாசனை.

"ஸ்பிரிங் போயிடுச்சு" என்றார் சத்தமாக. "தட்டுக்கெட்ட வண்டி."

"நல்லாத்தானே ஓடுது மாமா."

"உனக்கு எதுதான் நல்லா இல்ல?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. ஆனால் உள்ளங்காலில் பெடல் உறைக்கவே இல்லை, மரத்துப்போன பல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

எடை மேடை, சாலையோரத்தில் தரைமட்டத்துக்குப் பதித்த நீண்ட இரும்புப் பலகை. பக்கத்தில் ஓர் அறை, ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண், அவள் தலைக்கு மேலே சிவப்பு எண்கள். வண்டியை ஏற்றி நிறுத்தினார். 1480.

வண்டிப் புத்தகத்தில் காலி எடை 1330. இவர் எண்பது கிலோ, அவன் எழுபது. கணக்கு அப்படியே வந்தது. தகடு கிகடு ஒன்றும் இல்லை. எழுத்தன் உண்மையைச் சொல்லியிருக்கிறான் என்பதே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"ரெண்டு பேரும் இறங்கிடுங்க" என்றது ஒலிபெருக்கி.

அவன் இறங்கிப் பலகையை விட்டு விலகினான். 1410.

கடைக்காரர் எழ முயன்றார். ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோல் முதுகு இருக்கையிலிருந்து பிரிய மறுத்தது. பிறகு பிரிந்தது, வலி இல்லாமல், மிகவும் லேசாக. கதவைத் திறந்து இறங்கி மண்ணில் நின்றார்.

1410.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார்.

ஜன்னலுக்குப் பின்னால் அந்தப் பெண் எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, காதுல விழலையா? இதைக்கூடப் பாத்துக்கத் துப்பில்லையா?"

அந்தப் பெண் எழுந்து வெளியே வந்தாள். அவரைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்துத் தயாராக நின்றார். அவள் நேராகப் பலகையில் ஏறி, ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றுக்கட்டியைக் காலால் தள்ளிவிட்டாள். எண் 1460 ஆனது. அவள் இறங்கியதும் 1410.

மெஷின் கெடவில்லை.

அவர் பலகையில் கால் வைத்தார். 1410. இரண்டாவது காலையும் வைத்தார். 1410. குதித்தார். இரும்பு சத்தமே போடவில்லை. மறுபடி குதித்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி.

"டிரைவர் சார்" என்றாள் அவள். அவரைத் தாண்டி, வண்டியைப் பார்த்து. "நீங்க இறங்கலைன்னா பரவாயில்ல. உங்க எடையைக் கழிச்சுக்கலாம். எடுத்துக்கங்க, பின்னாடி லாரி நிக்குது."

"சரிம்மா. ரொம்ப நன்றி" என்றது ஒரு குரல்.

அவருடைய குரல்.

கண்ணாடியில் வைப்பர் ஒரு முறை ஓடியது. ஸ்டியரிங்கின் பள்ளங்களில் விரல்கள் இருந்தன. அதற்கு மேலே அவருடைய சட்டை. அதற்கு மேலே பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மனைவியின் தம்பி இடப்பக்கக் கதவைத் திறந்தான்.

"டேய்" என்றார். "ஏறாதே. டேய்." அவனை எந்தப் பெயரால் கூப்பிடுவது? அரைவேக்காட்டைத் தவிர வேறெதுவும் நினைவில் வரவில்லை.

அவன் ஏறினான். 1480.

"வண்டி எப்படிடா? நீ சொல்லு, வாங்கலாமா?" என்று அந்தக் குரல் உள்ளே அவனைக் கேட்டது.

அவன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான், பிறகு நிறுத்தாமல் பேசினான். நடுவில் ஒரு சிரிப்பு. பதினோரு வருடத்தில் கடைக்காரர் கேட்டறியாத சிரிப்பு.

வண்டி கிளம்பியது. அவர் வழியில்தான் நின்றார். அது அவர்மேல் மோதவில்லை, ஒதுங்கவும் இல்லை. இளஞ்சூடாக ஏதோ நெஞ்சுவழியே போய் முதுகுவழியே வெளியேறியது. பின்விளக்குகள் சாலையில் சேர்ந்து சின்னதாகி மறைந்தன.

பலகையின் நடுவில் அவர் மட்டும் நின்றார். அறை ஜன்னலில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன.

0.

பின்னால் ஹாரன் அடித்தது. லாரி பலகையில் ஏறத் தொடங்கியது. ஓட்டுநர் அவர் நின்ற இடத்தையே நேராகப் பார்த்தபடி, வேகத்தைக் குறைக்காமல் வந்துகொண்டிருந்தார்.