பின்னறைச் சங்கிலி

நோன்புக்கு முதல்நாள் பின்னேரம், யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பூட்டிக் கிடந்த வாப்பாவின் பழைய வீட்டைத் திறந்தோம். உம்மா, என் அக்கா நிஹ்லா ராத்தா, அவள் வயிற்றில் ஒரு பிள்ளை, நான். தொண்ணூறில் இயக்கம் எங்கள் முஸ்லிம் சனத்தை வெளியேற்றிய பிறகு அங்கே வௌவால்கள்தான் குடியிருந்தன. அவையும் முன்பக்கத்து அறைகளில் மட்டும். பின்னறையில் ஒரு எச்சம்கூட இல்லை. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

பின்னறைக்குக் கதவு இல்லை. யுத்த காலத்தில் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நிலை மட்டும் வாயைத் திறந்தபடி நின்றது. உம்மா அதில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டார்.

ராத்தாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. புத்தளத்தில் இருக்கும் அவளுடைய மாமி, மாப்பிள்ளையின் உம்மா, அந்தப் பழியை ஷைத்தான் தலையில் பாதியும் ராத்தா தலையில் பாதியுமாகப் போட்டார். மூன்றாவது பிள்ளை நோன்பு மாதத்தில் பிறக்கும் என்று டொக்டர் சொன்னதும் ராத்தா யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டுவிட்டாள். நோன்பு மாதத்தில் ஷைத்தான்களுக்கு விலங்கு பூட்டப்படும் என்பது ஹதீஸ். மாமி இருப்பதோ புத்தளத்தில். இரண்டு பக்கத்தாலும் பாதுகாப்பு.

பாழடைந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக்கூடாது என்று சனம் தடுத்தது.

“நோன்பிலை எல்லா வீடும் சுத்தமான வீடுதான்” என்றாள் ராத்தா.

முதல் நோன்பு. நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனேன்.

பின்னறையில் சங்கிலி இழுபட்டது.

கட்டியிருக்கும் மாடு திரும்பிப் படுப்பதுபோல, அவசரமில்லாமல், சீமெந்து நிலத்தை உரசிக்கொண்டு. நான் ஃபோன் வெளிச்சத்தோடு போய்ப் பார்த்தேன். வெறும் அறை. சங்கிலி இல்லை. அணைந்த திரியின் புகை மணம் மட்டும் இருந்தது. அந்த அறையில் யாரும் திரி கொளுத்தவில்லை.

அடுத்த நாளும் அதே நேரம், அதே சத்தம். ராத்தா கஞ்சியை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாள்:

“கட்டித்தானேடா கிடக்கு. கட்டாமல் கிடந்தால்தான் பயப்பிடோணும்.”

 நான் பள்ளிவாசல் இமாம் ஹலீம் ஹஸரத்திடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஷைத்தான்களின் தலைவன் இப்லீஸ், மலக்குகள் என்னும் வானவர்களோடு இருந்தவன் என்று சிலர் சொன்னாலும், நெருப்பால் படைக்கப்பட்ட ஜின் இனத்தவன் என்பதே பலரின் முடிவு. நோன்பில் எல்லா ஷைத்தான்களுக்கும் விலங்கு என்று சில உலமாக்கள் சொல்வார்களாம். அடங்காதவர்களுக்கு மட்டும் என்று வேறு சிலர். விலங்கு என்பதே உவமைதான், பசியில் நரம்பு சுருங்கும்போது மனிதனுக்குள் அவன் ஓடும் வழி அடைபடுகிறது என்றும் ஒரு கருத்து உண்டாம்.

எங்கே கட்டுவார்கள் என்று கேட்டேன்.

கடலில் எறிவதாக ஒரு ஹதீஸ் அறிவிப்பு உண்டு, ஆனால் அது பலவீனமானது என்றார். எங்கள் பின்னறையைப் பற்றி எந்தக் கிதாபும் ஒன்றும் சொல்லவில்லை.

நோன்பு பாதியில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அழவில்லை. நேர்ஸ் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். டொக்டர் இரண்டு தரம் சோதித்தார். மூச்சு, இதயம் எல்லாம் சரி. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் பசித்தால் முனகுவான், அவ்வளவுதான்.

ராத்தாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறக்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் ஷைத்தான் விரலால் தீண்டுவான், அதனால்தான் பிள்ளை வீறிடுகிறது என்பது அவளும் ஓதிய ஹதீஸ்தான். தன் பிள்ளைக்கு அந்த விரல் எட்டவில்லை என்று மாமிக்கு ஃபோனில் சொன்னாள்.

நான் போய்ச் சொன்னபோது ஹஸரத் சிரிக்கவில்லை.

“மர்யமையும் ஈஸா நபியையும் தவிர ஆருக்கும் விலக்கில்லை, தம்பி.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “மஃரிபுக்குக் கதவை எல்லாம் பிஸ்மி சொல்லி மூடுங்கோ. அப்பிடி மூடின கதவை அவன் திறக்கமாட்டான்.”

அன்றிலிருந்து அது என் வேலை. வாசல், கிணற்றடிக் கதவு, யன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் அல்லாஹ்வின் பெயரால் ஒரு பிஸ்மி. பல்கலைக்கழகக் கம்பஸில் எதையும் நம்பாதவன் என்று பெயர் எடுத்தவன், வீட்டில் கொளுக்கிகளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

கடைசி நோன்பு. கதவெல்லாம் மூடியாயிற்று. கொஞ்ச நேரத்தில் பிறை கண்ட செய்தி வானொலியில் வந்தது; நோன்பு மாதம் முடிந்தது. பள்ளிவாசலில் தக்பீர் எழுந்தது. உம்மா அழுதார்.

பின்னறையில் சங்கிலி மொத்தமாக நிலத்தில் விழுந்தது.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நோன்பு முழுவதும் அந்தச் சங்கிலி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. பிஸ்மி சொல்லி மூடிய கதவை அவன் திறக்கமாட்டான்.

வெளியே போகவும் திறக்கமாட்டான்.

பின்னறைக்குத்தான் கதவே இல்லையே.

சேலை மெல்ல விலகியது.

திரிப் புகை மணம் என்னைக் கடந்து போனது. அவனை வெளியே விட நான் வாசல் கொளுக்கிக்கு ஓடினேன். கை வழுக்கியது. மணம் வாசலுக்கு வரவில்லை. பிள்ளை கிடந்த ஏணைப் பக்கம் போனது.

பிள்ளை முதன்முதலாக வீறிட்டான்.

ராத்தா அவனைத் தூக்கிச் சட்டையை விலக்கினாள். இடப்பக்க விலாவில் ஒரு விரல் அடையாளம். நெருப்புச் சுட்டதுபோலச் சிவந்திருந்தது. என் சுண்டுவிரலைவிட மெல்லியது, நடுவிரலைவிட நீளம்.

பெருநாள் தொழுகைக்கு முன்பே கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். புது வீடு, எல்லா அறைக்கும் கதவு. ஹஸரத் வந்து ஓதிவிட்டுப் போனார். அடையாளம் மறைந்தது. பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல அழுதான், தவழ்ந்தான், கொழுத்தான். எல்லாம் முடிந்தது என்று ராத்தா சொன்னாள். நானும் ஓம் என்றேன்.

நேற்று இந்த வருடத்து முதல் நோன்பு. உம்மா பிள்ளையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தி, சூப்பட்டும் என்று ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். பாங்கு கேட்டது.

கட்டிலுக்குக் கீழே சங்கிலி இழுபட்டது.

ராத்தா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒருவரும் எழும்பவில்லை.

பிள்ளை சிரித்தான். தெரிந்த ஆளைக் கண்ட சிரிப்பு. பழத்தை இடக்கைக்கு மாற்றி, கட்டிலுக்குக் கீழே நீட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டை மட்டும் வெளியே உருண்டு வந்தது.