றோசாலியின் பன்னிரண்டு வீத மூச்சு

வெள்ளிக்கிழமை, காலை 9.10.

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் டிஸ்பென்சரியில் களவு ஒன்று பதிவானது. போனது நகை நட்டு இல்லை. றோசாலியின் மூச்சு. நூற்றில் பன்னிரண்டு பங்கு.

றோசாலிக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடமாக பெக்டரியின் சிப்டிங் ரூமில், அதாவது தேயிலை சலித்துத் தூள் பறக்கிற அறையில், வேலை. ஞாயிறு பூசையில் முதல் குரல் அவருடையது. அவர் ஒரு வரியை இழுத்தால் ஆர்மோனியக்காரருக்கு மூச்சு வாங்கும். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அந்த அறையை மேற்பார்க்கும் கங்காணி அவர்தான் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அங்கே இதுவரை ஒரு பெண் கங்காணி வந்ததில்லை. ஒரே நிபந்தனை, நுரையீரல் பரிசோதனையில் தேற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மெஷினில் ஊதினார். போன வருடம் 88 வீதம், இந்த வருடம் 76. எண்பதுக்குக் கீழே போனதால், மேல் பரிசோதனை முடியும்வரை தூசியில் நிற்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். இன்று பன்னிரண்டு மணிக்குத் துரை கையெழுத்துப் போடுவார். றோசாலி இல்லையென்றால் வேலை அதே அறையில் நிற்கும் மாணிக்கராஜுக்கு.

"பேப்பரைப் பார்த்ததிலேருந்து ஏத்தத்துல மூச்சு வாங்குதுங்க மிஸ்," என்றார் றோசாலி.

"பார்க்க முந்தி?"

"முந்தி வாங்கலீங்க."

கேட்டவர் ஸவாஹிரா. பதுளைக்காரி. பத்தொன்பது வருடமாக ஊரை ஊத வைப்பதுதான் அவர் தொழில். மகளின் கல்யாணத்துக்கு லீவில் இருந்தவர், போனில் விஷயம் கேட்டதும் கையில் சிவந்த மருதோண்டியோடு முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அவர் இடத்தில் நின்றவர் அஜந்தன், பண்டாரவளையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அப்படியொரு மரியாதைக்காரர், கதவுக்குக்கூட வழிவிடுவார்.

9.25. முதல் சந்தேகம், மெஷின்.

மூன்று லீட்டர் காற்றடைத்த பெரிய சிரிஞ்சை ஸவாஹிரா மெஷினில் பொருத்தித் தள்ளினார். 3.00 என்று காட்டியது. மெஷின் விடுதலை.

9.40. இரண்டாவது சந்தேகம், மாணிக்கராஜ்.

லய வீடுகளில் எல்லார் வாயிலும் அவர் பெயர்தான். அவரைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை எங்கே நின்றீர்கள் என்று ஸவாஹிரா கேட்டார். அடுத்த ஆளாக வரிசையில் நின்றாராம். மெஷினைத் தொடவே இல்லையாம். அஜந்தனும் அதையே சொன்னார்.

"அந்தப் புள்ள ஊதினதைக் கண்ணால பார்த்தேன் மிஸ்," என்றார் மாணிக்கராஜ். "அதுக்கு மூச்சு இல்லைன்னு சொன்னா, எனக்கு உசுரே இல்லைன்னு எழுதுங்க."

வேலை தன் கைக்கு வரப்போகிற மனுஷன் இப்படிப் பேசினால் யாரைச் சந்தேகப்படுவது? அவரும் விடுதலை.

9.55. மூன்றாவது சந்தேகம், தூசி.

அன்று அந்த அறையிலிருந்து ஊதியவர்கள் பத்து ஆண்கள், ஐந்து பெண்கள். ஆண்களில் ஒருவருக்கும் குறையவில்லை. பெண்களில் நால்வருக்குக் குறைந்திருந்தது. ஐந்தாவது பெண் மாரியாயி. ஐம்பத்திரண்டு வயது, இருபது வருடத் தூசி. போன மாதம் கதிர்காமம் போய் நேர்த்திக்கடன் தீர்த்துவிட்டு வந்தவர். அவருக்கு ஒரு வீதம்கூடக் குறையவில்லை.

"முருகன் காப்பாத்திட்டான்," என்று மற்ற நால்வரும் பெருமூச்சு விட்டார்கள். அதுவும் நல்ல நீளமாகத்தான் இருந்தது.

தூசி ஆள் பார்த்தா போகும் என்று ஸவாஹிரா முணுமுணுத்தார். பிறகு றோசாலியின் போன வருடப் பேப்பரையும் இந்த வருடப் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஊதிய கோடு இரண்டிலும் அழகாக ஏறி இறங்கியிருந்தது. ஊதிய காற்று இரண்டிலும் 2.25 லீட்டர்.

"அஜந்தன், இங்க பாருங்க. எடுத்த மார்க் அப்படியே இருக்கு. இவ்வளவு ஊதணும்னு மெஷின் வைக்கிற மொத்த மார்க்கை யாரோ கூட்டிட்டாங்க."

10.30. தேத்தண்ணி நேரம்.

மாரியாயி வந்து உட்கார்ந்தார். பெக்டரித் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மொட்டை. அரை அங்குலம் முளைத்திருந்தது.

ஸவாஹிரா கோப்பையைக் கீழே வைத்தார்.

"றோசாலி, செவ்வாய்க்கிழமை நின்ன மாதிரியே அந்த அளவுகோலுக்குக் கீழ வந்து நில்லுங்க."

றோசாலி செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியோடு நின்றார். அஜந்தன் பலகையைத் தலையில் இறக்கினார். 160.

"போன வருஷம் 150," என்றார் ஸவாஹிரா. "முப்பத்தெட்டு வயசுல பத்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கீங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு எனக்கும் சொல்லுங்க. இப்ப தொப்பியைக் கழட்டுங்க."

தொப்பி வந்தது. உச்சந்தலையில் தேங்காய் அளவுக்கு இறுக்கிக் கட்டிய கொண்டை.

"களவாணி இதுதான்."

ஜனவரியிலிருந்து பெக்டரியில் புதுச் சட்டம். தேயிலையில் ஒரு முடி விழக்கூடாது. அதுவரை பிடரியில் கொண்டை போட்ட பெண்கள், தொப்பிக்குள் அடங்கட்டும் என்று உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள். ஆள் உயரமென்றால் நுரையீரலும் பெரிதாக இருக்கும் என்பது மெஷினின் கணக்கு. அது றோசாலியை அவரைவிட உயரமான ஒருத்தியோடு ஒப்பிட்டு, போதாது என்று சொல்லிவிட்டது. ஆண்களுக்குக் கொண்டை இல்லை. மாரியாயியின் கொண்டை கதிர்காமத்தில்.

"அப்ப முருகன் காப்பாத்தினது மெய்தானே மிஸ்," என்றார் மாரியாயி.

அஜந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "செருப்பைக் கழட்டச் சொன்னேன் மிஸ். அக்காமாரைக் கொண்டையை அவுக்கச் சொல்ல... வெக்கமா இருந்துச்சு."

"மரியாதை நல்லதுதான் தம்பி. ஆனா அது பத்து சென்டிமீட்டர் உயரம்."

11.05. றோசாலி முடியை அவிழ்த்துவிட்டு நின்றார். 150. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து மூன்று தரம் ஊதினார். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று அஜந்தன் கத்தியதில் வெளியே நின்றவர்களும் சேர்ந்து ஊதினார்கள். மூன்றில் கூடியது 2.28 லீட்டர். 89 வீதம்.

டாக்டருக்குப் போன் போனது. 11.50க்குத் துரை கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

றோசாலிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஸவாஹிராவின் மருதோண்டிக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கூந்தல் பறக்க, குறுக்குப் படியில் பெக்டரி ஏற்றத்தை ஒரே ஓட்டமாக ஏறினார். நடுவில் எங்கும் நிற்கவில்லை. உச்சியில் திரும்பி நின்று, ஞாயிறு பாட்டின் கடைசி வரியை எடுத்து இழுத்தார். அஜந்தன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பத்து, பதினைந்து, பதினெட்டு.

பெக்டரி வாசலில் மாணிக்கராஜ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும் கங்காணியம்மா," என்று சத்தம்போட்டார். "கொண்டையைக் கட்டிக்கிட்டு உள்ள வாங்க. ஒரு முடி விழக்கூடாது."